நிலத்தின் வரவு செலவு

(ஊரும் உழவும் – திங்கள் பகுதி)



ஐப்பசித் திங்கள் பிறந்துவிட்டால், தலைநகரில் வாழும் நமக்குக் காலைக் கதிரவன் புகைத்திரைக்குள்ளிருந்தே காட்சி தருகின்றான். கண்கள் எரிகின்றன, குழந்தைகள் இருமுகின்றனர், முதியோர் காலையில் உலாவப் போவதை நிறுத்திக் கொள்கின்றனர். ஊர்திகளும் ஆலைகளும் கட்டட வேலைகளும் இதற்குக் காரணம். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுத்த வயல்களில் எஞ்சிய வைக்கோலைக் கொளுத்துவதும் அவற்றோடு சேர்ந்த மற்றொரு காரணம் என்பதை யாவரும் அறிவோம்.

அந்தப் புகையில் என்ன இருக்கின்றது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு டன் வைக்கோலில் ஏறக்குறைய ஐந்து கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. தீயிட்டால் அதில் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிடுகின்றது. மண்ணில் மக்கி அதற்கு உயிரூட்ட வேண்டிய பொருளும் எரிந்து போகின்றது. நம் கண்ணைக் கரிக்கும் புகை, ஏதோ ஒரு வயல் இழந்த உரம் என்று சொன்னால் அது மிகையன்று.

அவ்வுழவர்களைக் குறை கூறுதல் எளிது. ஆனால், நெல்லை அறுத்துக் கோதுமையை விதைக்க அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. தொலைவிலிருந்து தீர்ப்புக் கூறுமுன், ஊரில் ஒரு துண்டு நிலமேனும் வைத்திருக்கும் நாம், நம் நிலத்தின் கணக்கைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். என் கணக்கை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், உண்டு. தந்தையார் மறைந்தபின் அதனைக் குத்தகைக்கு விட்டு வந்தோம். எழுத்து ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்லே சாட்சி. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் பேசி முடிப்பது வழக்கம். இரண்டு மூட்டை நெல் கூடுதலாகத் தருகின்றேன் என்று வேறொருவர் சொன்னால் நிலம் கைமாறும். இவ்வாறு ஆறு ஆண்டுகளில் மூன்று பேர் அதில் பயிரிட்டனர். நான்காவதாக வந்தவர் எங்கள் அடுத்த தெருக்காரர். என்னினும் பத்து வயது மூத்தவர். சிறு பிராயம் முதல் நான் அண்ணன் என்று அழைத்துப் பழகியவர்.

அவர் நிலத்தை எடுத்த இரண்டாம் ஆண்டில் விளைச்சல் குறைந்தது. மூன்றாம் ஆண்டுச் சம்பாவுக்கு நான் ஒரு காரியம் செய்தேன். “இரண்டு மூட்டை யூரியா கூடுதலாகப் போடுங்கள், பணம் அனுப்புகின்றேன்” என்று தொலைபேசியில் சொல்லி, பணத்தையும் அனுப்பி வைத்தேன். மூன்று வாரத்தில் கைப்பேசியில் படம் வந்தது. பயிர் கருகருவென்று பச்சை பிடித்து நின்றது. அலுவலக நண்பர்களுக்கெல்லாம் அதனைக் காட்டி மகிழ்ந்தேன். மார்கழிக் கடைசியில் வந்த செய்தி வேறு. தூரில் புகையான் பற்றியிருந்தது. கதிர் முற்றும் வேளையில் பெய்த மழைக்குப் பயிர் தரையோடு சாய்ந்துவிட்டது. முந்திய ஆண்டைவிடவும் குறைவாகவே கண்டது.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது வரப்பில் நின்று கேட்டேன்.

“அண்ணே, அவ்வளவு பச்சையாக இருந்த பயிர் ஏன் இப்படி ஆயிற்று?”

“பச்சை இலையில் இருந்தது, தம்பி, தண்டில் வலு இல்லை. அதிகமாகப் போட்டால் இப்படித்தான் ஆகும்.”

“தெரிந்திருந்தும் ஏன் போட்டீர்கள்?”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நிலத்துக்காரர் பணம் அனுப்பிப் போடச் சொல்லும்போது வேண்டாம் என்றால், அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வீர்களே. தொழுவுரம் போட எனக்கும் ஆசைதான். ஆனால் நான் போடுகிற எரு மூன்று வருஷம் பேசும். என் குத்தகை ஒரு வருஷம்தான் பேசும். அதை அடுத்து வருகிறவர் அறுப்பதற்கா நான் வண்டி வண்டியாக அடிப்பேன்?”

இதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையன்று. பிழை முழுதும் என்னுடையது.

அவ்வறுவடை முடிந்ததும் மண்ணை எடுத்து ஆய்வுக்குக் கொடுத்தோம். வந்த முடிவு என்னைத் திகைக்க வைத்தது. தழைச்சத்து குறைவு, மணிச்சத்து மிகுதி, சாம்பல்சத்து நடுத்தரம், துத்தநாகம் போதாது, மக்கிய பொருள் மிகக் குறைவு. இத்தனை ஆண்டுகளாக யூரியாவைக் கொட்டிய நிலத்தில் தழைச்சத்து குறைவென்றால், கொட்டியதெல்லாம் எங்கே போயிற்று?

இதற்கு விடை காண, பயிர் உண்ணும் முறையைச் சற்று அறிதல் வேண்டும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் இரண்டு பங்கு, பயிருக்குச் சேர்கின்றது. மற்றதில் ஒரு பகுதி நவச்சார ஆவியாக மேலே போகின்றது. ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கிக் குடிநீர்க் கிணற்றையும் அடைகின்றது. வேறொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறுகின்றது. புவியை வெப்பமாக்குவதில் இவ்வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவினும் இருநூறு மடங்குக்கு மேல் வலியது. மண்ணில் மக்கிய பொருள் மிகுந்திருந்தால் சத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிருக்கு ஊட்டும். அது இல்லாத மண், ஓட்டைப் பானையில் வார்த்த நீரைப் போலச் சத்தை இழந்துவிடும். ஆகவே, யூரியா போடப் போட மண் நிறையும் என்று நாம் எண்ணுவது தவறு. எருவைச் சேமிப்பு என்று கொண்டால், யூரியா அன்றாடக் கைச்செலவுக்கு ஒப்பாகும்.

இனி, செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் இரண்டு டன் நெல் விளைந்ததாகக் கொள்வோம். அப்பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து ஏறத்தாழ 30 கிலோ. மணிச்சத்து 12 கிலோ. சாம்பல்சத்து 36 கிலோ. இவற்றுள் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பகுதி நெல்மணியில் போய்ச் சேர்கின்றது. சாம்பல்சத்தோ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. முன்பு வைக்கோல் மாட்டுக்குச் சென்று, சாணமாகி, குப்பைக் குழி வழியே வயலுக்கே திரும்பியது. இன்று பல ஊர்களில் இயந்திரம் வந்து அதனை உருட்டிக் கட்டி எடுத்துச் செல்கின்றது. ஒரு ஏக்கர் வைக்கோல் வரப்பைத் தாண்டும்போது, ஒரு மூட்டைப் பொட்டாஷ் உரத்தில் உள்ள சாம்பல்சத்தும் அதனோடு வண்டியேறுகின்றது. வைக்கோல் விற்ற காசை எண்ணும் நாம் இந்த மூட்டையை எண்ணுவதில்லை.

வயலில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை வரப்பின் உயர்ந்த இடம் தீர்மானிப்பதில்லை. தாழ்ந்த இடமே தீர்மானிக்கின்றது. ஒரு பக்கத்தை மட்டும் இரண்டடி உயர்த்திப் பயனில்லை. பயிரின் சத்தும் அவ்வாறே. எது மிகக் குறைவோ அதுவே விளைச்சலுக்கு எல்லை வகுக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் லீபிக் பரப்பிய இவ்விதிக்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. இமயத்தின் அடிவாரத்தில் உள்ள பந்த்நகரில் நெற்பயிரின் இலைகள் துருநிறம் கொண்டு கருகின. ‘கைரா’ என்று பெயர் பெற்ற அந்நோய்க்குக் காரணம் கிருமியன்று, மண்ணில் துத்தநாகக் குறைவே என்பதை ஒய். எல். நேனே என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டு வெளியிட்டார். அங்கே எத்தனை மூட்டை யூரியா இட்டாலும் பயன் விளைந்திராது. சிறிதளவு துத்தநாக சல்பேட் அக்குறையைத் தீர்த்தது.

தழைச்சத்தை மட்டுமே ஊட்டி வளர்த்தால் நிலம் என்னாகும் என்பதையும் நம்மவர் பொறுமையோடு ஆராய்ந்துள்ளனர். கோயமுத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உரச் சோதனை ஒரு நூற்றாண்டைக் கடந்தது. 1970ஆம் ஆண்டு முதல் நாட்டின் பல பகுதிகளில் நெடுங்கால உரச் சோதனைகள் ஒரே திட்டத்தின்கீழ் நடந்து வந்துள்ளன. அவற்றுள் இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரும் ஒன்று. அங்குள்ள புளிப்பு மண்ணில் தழைச்சத்து உரம் மட்டும் இட்ட பாத்திகளில் முதலில் நன்கு விளைந்தது. பிறகு படிப்படியாகக் குறைந்து, முடிவில் விளைச்சல் ஏறக்குறைய அற்றே போயிற்று. மூன்று சத்துக்களையும் அளவோடு இட்டு, தொழுவுரமும் சேர்த்த பாத்திகள் தளராது விளைந்தன. எல்லா மண்ணும் பாலம்பூர் மண்ணைப் போல விரைந்து சீரழிவதில்லை. ஆயினும், செல்லும் வழி ஒன்றே.

இவ்வளவு தெரிந்திருந்தும் யூரியாவை நோக்கியே கை நீளுவது ஏன்? உழவனின் அறியாமை என்று சொல்வது நியாயமன்று. 1992ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவின் விலையை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் சத்தின் அளவுக்கேற்ற மானியத் திட்டம் வந்தபோதும் யூரியா அதற்கு வெளியிலேயே நின்றது. அண்மை ஆண்டுகளில் 45 கிலோ யூரியா மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையோ 1,350 ரூபாய். மலிவானதும், இட்ட ஒரு வாரத்தில் பச்சையைக் காட்டுவதும் எதுவோ அதனையே கையில் காசில்லாதவர் வாங்குவார். தழை, மணி, சாம்பல் சத்துக்கள் 4:2:1 என்ற அளவில் அமைதல் நலம் என்பது நாட்டுக்கெனச் சொல்லப்படும் பொதுக்கணக்கு. பஞ்சாபிலும் அரியானாவிலும் தழைச்சத்தின் பங்கு இதனைப் பன்மடங்கு கடந்துவிட்டது.

அரசும் வாளாவிருக்கவில்லை. சத்து மெல்லக் கரையும் பொருட்டு 2015ஆம் ஆண்டு முதல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசும்படி ஆணையிட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் இராஜஸ்தானத்துச் சூரத்கட்டில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. 2018இல் யூரியா மூட்டையின் எடையை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தது. மூட்டைக் கணக்கில் இடுபவர் இதனால் சற்றுக் குறைத்தே இடுவார் என்பது நோக்கம். ஆயினும், அட்டையில் எழுதியதை வயலில் செய்வதற்கு, நிலம் நாளையும் தன்னிடம் இருக்கும் என்ற உறுதி உழுபவனுக்கு வேண்டும். அவ்வுறுதியை அரசின் அட்டை தராது. நிலத்துக்கு உரியவரே தருதல் வேண்டும்.

நிற்க. இதனைப் படிக்கும் அன்பர் சிலர், இரசாயன உரமே வேண்டாம், ஒரேயடியாக நிறுத்திவிடுவோம் என்று எண்ணக்கூடும். அண்டை நாடாகிய இலங்கையில் 2021ஆம் ஆண்டு அவ்வாறே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. நெல்லும் தேயிலையும் பெரிதும் வீழ்ந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடையைத் தளர்த்த நேர்ந்தது. எருவில்லாத மண்ணுக்கு உரத்தையும் ஒரே நாளில் மறுத்தால், பட்டினி கிடப்பவனின் கஞ்சியையும் பறித்ததாக முடியும். எருவை ஆண்டுக்காண்டு கூட்டி, மண் தேறத் தேற மூட்டையைக் குறைத்து வருதலே அறிவுடைமை.

பொங்கல் இன்னும் இரண்டு திங்களில் வருகின்றது. ஊர் செல்லும் அன்பர்கள் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, மண் ஆய்வு. அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு உரம் இடுமுன் மண்ணை எடுத்தல் வேண்டும். வரப்போரம், வாய்க்காலோரம், மரநிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றை விலக்கி, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில், மேற்புல்லை நீக்கி, மண்வெட்டியால் ஆப்பு வடிவில் அரையடி ஆழம் வெட்டி, வெட்டிய பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து, அரை கிலோ மிஞ்சியதும் நிழலில் உலர்த்தி, துணிப்பையில் இட்டுப் பெயரும் புல எண்ணும் எழுதிக் கொடுக்கலாம். உரம் வந்த சாக்கின்மேல் உலர்த்துதல் கூடாது. அதில் ஒட்டிய உரம் கணக்கைக் கெடுத்துவிடும். ஆய்வின் முடிவைப் பயிரிடுபவர் கையில் கொடுத்து, அவரோடு சேர்ந்து படித்தல் நலம்.

இரண்டாவது, பசுந்தாள் உரம். ஏக்கருக்கு ஏறக்குறைய 20 கிலோ தக்கைப்பூண்டு விதை போதும். சம்பாவுக்கு முன் விதைத்து, நாற்பது நாற்பத்தைந்து நாளில், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், நன்கு வளர்ந்த பயிர் ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்தைத் தரும். மக்கிய பொருளையும் சேர்க்கும். தை அறுவடைக்குப் பத்து நாளுக்கு முன், நிற்கும் பயிரிலேயே உளுந்தும் பயறும் தெளிக்கும் நம் காவிரிப் படுகை வழக்கமும் அத்தகையதே. அச்செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. வீட்டுக்குப் பருப்பும் நிலத்துக்கு உணவும் ஒருங்கே கிடைக்கின்றன.

மூன்றாவது, யூரியாவை ஒரே முறையில் கொட்டாமல், தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் எனப் பருவம் அறிந்து பிரித்து இடுதல். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரவச் செய்த இலை வண்ண அட்டையை இலையோடு ஒட்டிப் பார்த்தால், இப்போது உரம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பயிரே சொல்லிவிடும். தொலைபேசியில் நான் சொன்னது போல யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவதே தலையாயது. ஓராண்டுக் குத்தகையை விடுத்து, மூன்று ஆண்டுக்கேனும் எழுத்தில் கொடுத்தல். எருவுக்கும் பசுந்தாள் விதைக்கும் ஆகும் செலவில் பாதியை நாம் ஏற்றல். அந்தத் தை மாதத்திலேயே எங்கள் வீட்டில் இவ்வாறு முடிவு செய்தோம். என் தம்பி முதலில் தயங்கினான். குத்தகைக் கணக்கையும் மண் ஆய்வு முடிவையும் அருகருகே வைத்துக் காட்டியபின் இசைந்தான். மணிச்சத்து மிகுந்திருந்ததால் டி.ஏ.பி. குறைந்தது, துத்தநாக சல்பேட் சேர்ந்தது, தக்கைப்பூண்டு விதைக்கப்பட்டது. முதல் ஆண்டில் விளைச்சல் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் மார்கழி மழைக்குப் பயிர் சாயவில்லை; யூரியாவில் இரண்டு மூட்டை மிஞ்சிற்று. இது இரண்டாம் ஆண்டு. சென்ற வாரம் படம் வந்தது. பயிர் அன்றிருந்த கரும்பச்சையில் இல்லை. வெளிர்பச்சையாக நிமிர்ந்து நிற்கின்றது. இம்முறை அதனை அலுவலகத்தில் எவருக்கும் காட்டவில்லை.

உழவைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், ஏரோட்டுவதைக் காட்டிலும் எருப்போடுவதைச் சிறப்பித்தார். உரியவன் சென்று பாராமல் வாளா இருந்துவிட்டால், அவன் நிலம் மனையாளைப் போல அவனோடு பிணங்கும் என்றும் அங்கேயே கூறினார். பிழைப்பைத் தேடி ஆயிரம் கல் கடந்து வந்த நாம் நாள்தோறும் சென்று பார்த்தல் இயலாது. ஆனால், நமக்காக நாள்தோறும் அந்நிலத்தில் கால் வைப்பவர் ஒருவர் இருக்கின்றார். அவர் மனம் நிலத்தோடு ஒட்டும்படி செய்தல் நம் கையில் உள்ளது. ஆண்டுதோறும் அந்நிலத்திலிருந்து மூட்டை நமக்கு வந்துகொண்டே இருக்கின்றது. நம்மிடமிருந்து அதற்கு என்ன சென்றது என்பதை, இந்தப் பொங்கலுக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போமாக.